உளு கொட்டும் கட்டை

கல்யாண மண்டபங்களின் பின்கட்டில், ‘விறகு அடுப்பு பிரியாணி’ என்று பலகை மாட்டிய கடைகளின் கொல்லையில், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கும் விறகைக் குனிந்து பாருங்கள். அடுக்குக்கு அடியில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ மாவு கொட்டிக் கிடக்கும். கோலப்பொடியை யாரோ கை தவறிச் சிந்தியது போலிருக்கும். ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினால் மேலும் ஒரு பிடி உதிரும். இதுதான் உளு. சமையல்காரர் இதைப் பொருட்படுத்த மாட்டார். தீக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான் என்பார். வீட்டுக்கு விறகு வாங்கியவர் அப்படி இருக்க முடியாது. பிளந்து அடுக்கிய சில வாரங்களிலேயே மாவு கொட்டத் தொடங்கினால், இந்தப் பூச்சி நிலைக்கதவு, கட்டில், பரண் என்று வீட்டுக்குள் ஏறிவிடுமோ என்ற கவலை வரும். அடுத்து, கால் பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போகும்.

அங்கே போவதற்கு முன், கட்டைக்குள் இருப்பது யார் என்று பார்த்துவிடலாம். விறகில் வாழும் பூச்சிகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. ஈரக் கட்டையில் வாழ்வது காய்ந்த கட்டையில் செத்துப்போகும். காய்ந்த கட்டையைத் தேடி வருவது பச்சைக் கட்டையைத் திரும்பியும் பார்க்காது. மரம் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அடுப்புக்குப் போகும் நாள்வரை கட்டையில் ஈரம் இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த இறக்கத்தின் ஒவ்வொரு படியிலும் வேறொரு பூச்சி காத்திருக்கிறது. உங்கள் கட்டை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

கோடாலி காட்டும் காட்சி

வெட்டிச் சில வாரங்களான வாகைக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெட்டுமுகத்தில் இரண்டு நிறம் தெரியும். நடுவில் கரும்பழுப்பாக வைரக்கட்டை. அதைச் சுற்றி, பட்டைக்கு உள்பக்கம், வெளிறிய வளையமாகச் சாற்றுக்கட்டை. ஆப்பை வைத்து அடித்துப் பிளந்தால், துளைகளும் சுரங்கங்களும் அனேகமாக எல்லாமே அந்த வெளிறிய வளையத்துக்குள்தான் இருக்கும். வைரத்தின் எல்லைவரை வந்து, கோடு கிழித்தது போல நின்றுவிடும். சுரங்கம் வெறுமையாக இருக்காது. மாவு திணித்து வைத்திருக்கும். அந்த மாவை ஈர்க்குச்சியால் கிளறினால் வளைந்து படுத்திருக்கும் சின்ன வெள்ளைப் புழு வெளியே விழும். மார்புப் பக்கம் பருத்து, மூன்று ஜோடிக் குட்டைக் கால்களோடு இருக்கும்.

கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் வண்டும் கிடைக்கும். நீளம் 4 முதல் 6 மில்லிமீட்டர். கரும்பழுப்பு நிறத்தில் உருளையான உடம்பு. மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாது. மார்பின் மேல்தோடு முக்காடு போட்டது போல் முன்னால் கவிந்து அதை மறைத்திருக்கும். அந்த முக்காட்டின் முன்பகுதி முழுக்க அரத்தின் பற்கள். பின்புறம் சரிவாக வெட்டிவிட்டது போல் முடிந்து, அங்கே இரண்டு சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த அமைப்பைக் கொண்டே இதை அடையாளம் சொல்லிவிடலாம்: சினாக்ஸிலான் அனாலே. வாகை, கருவேலம், சீமைக் கருவேலம், மா, ரப்பர் என்று இந்தியாவில் வெட்டிப்போட்ட மரங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் துளைப்பான் இதுதான். சுரங்கத்தின் சுவரில் கால்களை ஊன்றிக்கொண்டு முன்பக்க அரத்தால் பிடித்து, தாடையால் கடித்து, சேரும் தூளைச் சரிவான பின்புறத்தால் வெளியே தள்ளும். நாம் தரையில் பார்க்கும் மாவின் முதல் தவணை இப்படித்தான் வருகிறது.

இந்தக் குடும்பத்து வண்டுகளின் தாடையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கலிஃபோர்னியாவில் இதன் உறவுக்கார வண்டு ஒன்று, கம்பங்களில் தொங்கிய தொலைபேசிக் கம்பிவடங்களின் ஈய உறையையே துளைத்துவிட்டது. மழை பெய்தபோது துளை வழியே நீர் இறங்கி இணைப்புகள் அறுந்தன. அமெரிக்க வேளாண்மைத் துறை 1922-ல் அந்த வண்டைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஈயத்தில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. கடிக்கத் தோதான மேற்பரப்பு அகப்பட்டால் கடித்துப் பார்ப்பது அதன் சுபாவம்.

வாகைக் கட்டையில் இது மட்டும்தான் இருக்கும் என்றில்லை. பட்டையை உரித்தால் அதன் அடியில் அகலமான, வளைந்து நெளியும் தடங்கள் தெரியலாம். அவற்றுக்குள் காலில்லாத நீண்ட புழு கிடந்தால், உடலைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் பட்டையாக விரிந்து, மீதி உடம்பு ஒடுங்கியிருந்தால் அது பொன்வண்டுக் குடும்பத்தின் புழு. கிட்டத்தட்ட உருளையாக, வளையம் வளையமாகத் தடித்திருந்தால் நீள்கொம்பு வண்டின் புழு. மாங்கட்டையில் கட்டைவிரல் கனத்துக்கு இப்படி ஒரு புழு வெளிப்பட்டு, விறகு பிளப்பவரைத் திடுக்கிட வைப்பது உண்டு. அது மாமரத் தண்டுத் துளைப்பானின் புழு. மரம் உயிரோடு இருக்கும்போதே உள்ளே புகுந்திருக்கும். வெட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், அந்த மரம் விறகாகிப் போனதற்கே அந்தப் புழு காரணமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு வகைத் துளை உண்டு. குண்டூசி அளவு; சுற்றிலும் கறுப்புக் கறை; உள்ளே தூளே இருக்காது, துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருக்கும். இதைச் செய்தவர்தான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்தவர்.

மரத்துக்குள் ஒரு விவசாயி

வெட்டிய மரம் உடனே செத்துவிடுவதில்லை. காற்று சரியாகக் கிடைக்காத உள்திசுக்களில் சர்க்கரை நொதித்து எத்தனால் உண்டாகிறது. மனித மூக்குக்கு அது பச்சைமர வாசனையின் ஓரத்தில் லேசான புளிப்பாகத் தெரியலாம். ஸைலிபோரஸ், பிளாட்டிபஸ் போன்ற வண்டுகளுக்கோ அது பந்திக்கு அழைப்பு. இந்த வண்டுகளைப் பிடிக்க ஆய்வாளர்கள் வைக்கும் பொறியில் இரையாகத் தொங்குவதும் எத்தனால்தான்.

வந்து சேரும் பெண் வண்டு வெறுங்கையோடு வருவதில்லை. அதன் உடம்பிலேயே சிறு பை இருக்கிறது. அதற்குள் பூஞ்சை வித்துகள். மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். தூளையெல்லாம் வெளியே தள்ளிவிடும். சுரங்கத்தின் சுவரில் அந்தப் பூஞ்சையை விதைக்கும். பூஞ்சை மரத்தின் சத்தை உறிஞ்சி வளரும். வண்டும் அதன் பிள்ளைகளும் தின்பது மரத்தை அல்ல, சுவரில் விளைந்த பூஞ்சையை. துளையைச் சுற்றிய கறுப்புக் கறை அந்தப் பயிரின் சாயம். மனிதன் ஏர் பிடித்துப் பத்தாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. இந்த வண்டுகளின் விவசாயம் பல கோடி ஆண்டுப் பழக்கம்.

ஆனால் இதற்கு ஒரு பலவீனம். பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். கட்டை காய்ந்தால் பயிர் வாடும், குடும்பம் பட்டினியில் முடியும். காய்ந்த கட்டையில் இது மீண்டும் குடியேறவே முடியாது. கறுப்புக் கறையோடு குண்டூசித் துளை இருந்தால் அது பழைய கதை, இனி பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நிலைக்கதவுக்கும் கட்டிலுக்கும் இவற்றால் தீங்கே இல்லை. இத்தனை நுட்பமான ஒரு விவசாயியை ஒழிக்க, பிளந்து வெயிலில் போட்டாலே போதும் என்பது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது.

ஈரத்தோடு இன்னொன்றும் சேர்கிறது

மரத்தின் ஈரத்தைச் சொல்லும் கணக்கு நம் வழக்கமான சதவீதக் கணக்கு அல்ல. முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு அதற்கு எத்தனை பங்கு நீர் என்று பார்ப்பார்கள். அதனால் பச்சை மரத்தின் ஈரம் 60, 80, சில மரங்களில் 100 சதவீதத்துக்கு மேலும் போகும். முதலில் வெளியேறுவது நுண்குழாய்களிலும் செல்களின் உள்வெளியிலும் தேங்கிய நீர். அது போய், செல்சுவரில் ஊறிய நீர் மட்டும் மிஞ்சும் நிலை ஏறக்குறைய 30 சதவீதம். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கி வெடிப்பு விடும். நல்ல விறகு 20 சதவீதமோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும்.

பச்சை விறகு ஏன் எரிவதில்லை என்பதற்கு ‘தண்ணீரைக் கொதிக்க வைக்கவே சூடெல்லாம் போய்விடுகிறது’ என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது அரைகுறை உண்மைதான். 100 கிலோ பச்சை விறகு வாங்குகிறீர்கள், அதில் 45 கிலோ தண்ணீர், 55 கிலோ மரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் ஆகும். 45 கிலோவுக்கு 117. 55 கிலோ உலர்ந்த மரத்தில் அடங்கிய ஆற்றலோ ஏறத்தாழ 1,000 மெகாஜூல். ஆக, ஆவியாக்கும் செலவு எட்டில் ஒரு பங்குதான். பெரிய நஷ்டம் வேறிடத்தில் நடக்கிறது. நீராவி தீயைக் குளிர்விக்கிறது. மரத்திலிருந்து வரும் எரிவாயுக்கள் முழுதாக எரிவதற்கான சூடு அடுப்பில் இல்லாமல் போய், அவை புகையாகவும் கரியாகவும் வெளியேறுகின்றன. ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களைக் கேட்டால், எரியாத ஆற்றல் எங்கே போனது என்று சொல்வார்கள். இதற்கு மேல், விறகுக்கடையில் எடை போட்டு வாங்கியபோது அந்த 45 கிலோ தண்ணீருக்கும் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

பூச்சிக்கு வருவோம். ஈரம் இறங்கிய பிறகும் ஒரு கட்டைக்கு வண்டு வருகிறது, பக்கத்துக் கட்டைக்கு வருவதில்லை என்றால், வித்தியாசம் மாவுச்சத்தில் இருக்கிறது. இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். காயத்துக்குப் போடும் டிங்ச்சர் அயோடினைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, புதிதாகப் பிளந்த கட்டையின் முகத்தில் சில சொட்டு விடுங்கள். வெளிறிய சாற்றுக்கட்டையில் அது கருநீலமாக மாறும். வைரக்கட்டையில் அயோடினின் பழுப்பு நிறம் மாறாமல் கிடக்கும். மாறும் இடத்தில் மாவுச்சத்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் செய்து பார்த்த அதே சோதனைதான். வண்டு போட்ட துளைகளின் வரைபடமும் இந்தக் கருநீல வரைபடமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். மரம் வளரும்போது, உள்வளையங்களின் செல்கள் தங்கள் மாவுச்சத்தைச் செலவழித்து, கசப்பும் துவர்ப்புமான வேதிப்பொருள்களை நிரப்பிவிட்டுச் சாகின்றன. அப்படி உருவானதுதான் வைரம். வண்டுக்கு அங்கே சாப்பாடும் இல்லை, வாயில் வைக்கவும் முடியாது.

லிக்டஸ் என்னும் மாவு வண்டு இதில் கெட்டிக்காரி. பெண் வண்டு கட்டையின் மேற்பரப்பை இங்கொரு கடி அங்கொரு கடி கடித்து ருசி பார்த்து, மாவுச்சத்து இருந்தால்தான் முட்டையிடும். முட்டையிடுவதும் மரத்தின் நீர்க்குழாய்களுக்குள்தான்; முட்டையிடும் உறுப்பு நுழையும் அளவுக்குக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அப்படிப்பட்ட குழாய்களே கிடையாது என்பதால், அவற்றில் லிக்டஸ் வராது. சவுக்கின் இலையைப் பார்த்து அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சவுக்கு பூக்கும் தாவரம், குழாய்கள் உண்டு. ரப்பர் மரமோ மாவுச்சத்துக் களஞ்சியம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோட்டம் அழித்து ரப்பர் விறகு வாங்கி அடுக்கியவர்களுக்கு மாவு கொட்டும் வேகம் தெரிந்திருக்கும்.

லிக்டஸ் புழு மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொஞ்சம் புரதத்தையும் எடுத்துக்கொள்கிறது. மரத்தின் பெரும்பகுதியான செல்லுலோஸை அதனால் செரிக்க முடியாது. ஒரு மிடறு சத்துக்காக ஒரு குவளை மரத்தைக் கடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மாவு இவ்வளவு கொட்டுவதன் ரகசியம் இதுதான். முகப்பவுடர் போல் நைசாக, விரலில் தேய்த்தால் நெருடாமல் இருந்தால் லிக்டஸ். கொஞ்சம் நறநறவென்று இருந்தால் நீள்கொம்பு வண்டாக இருக்கலாம். பொடிப்பொடி மணிகளாக, கசகசாவைக் கொட்டியது போல் குவிந்தால் அது வண்டே அல்ல. உலர்மரக் கறையானின் எச்சம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பட்டையோடு முழுக்கட்டையாக நிழலில் போட்டுவைத்தால், உள்ளிருக்கும் செல்கள் இன்னும் பல வாரம் உயிரோடிருந்து, தங்கள் மாவுச்சத்தைத் தாங்களே தின்று தீர்க்கும். உடனே பிளந்து வேகமாகக் காயவைத்தால் செல்கள் சட்டென்று செத்து, மாவுச்சத்து உள்ளேயே தங்கிவிடும். அப்படியென்றால் பிளக்காமல் வைப்பது நல்லதா? உத்தரத்துக்கும் மூங்கில் கழிக்கும் அந்த வழி சரி. நம் ஊர்களில் மூங்கிலைக் குளத்தில் ஊறப்போட்டு எடுப்பதும் இதே நோக்கம்தான்: நீரும் பாக்டீரியாவும் சேர்ந்து சத்தைக் கழுவி எடுத்துவிடும். விறகுக்கு அது பொருந்தாது. பிளக்காத பச்சைக்கட்டை மெதுவாகக் காயும். அதுவரை பட்டைக்கடியில் பொன்வண்டும் நீள்கொம்பனும் பூஞ்சை விவசாயியும் வந்து குடியேற நாள் கொடுக்கும். ஆறு மாதத்தில் சாம்பலாகப் போகிற பொருளுக்கு, வெட்டிய கையோடு பிளப்பதே சரி என்பது என் கட்சி.

ஐம்பது ஆண்டு காத்திருந்த புழு

காய்ந்த மரத்தில் சிக்கிய புழு உடனே செத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. சத்தும் ஈரமும் குறையக் குறைய அதன் வளர்ச்சி மந்தமாகும்; வருடங்கள் நீளும். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மாடிப்படி மரத்திலிருந்து 1983 மே மாதம் பொன்னிறப் பொன்வண்டு ஒன்று வெளியே வந்தது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த இனம் அது. மரம் இறக்குமதியாகிப் படியான காலத்தைக் கொண்டு பார்த்தால், அது புழுவாகக் குறைந்தது 51 ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கிறது. இந்தியாவில் ஸ்ட்ரோமேட்டியம் பார்பேட்டம் என்ற நீள்கொம்பு வண்டு உலர்ந்த மரத்தில் இதே போல ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இதன் உணவுப் பட்டியலில் நூற்றுக்கணக்கான மர இனங்கள். இரவில் சத்தமில்லாத நேரத்தில் கட்டில் காலில் காது வைத்தால் அது கடிக்கும் ஓசை கேட்பதுண்டு.

அப்படியானால் விறகிலிருந்து வீட்டுக்கு ஆபத்தா? பட்டைக்கடியில் வாழ்பவையும் ஈரத்தில் வாழ்பவையும் வீட்டு மரத்தைத் தொடாது. உள்ளறைகளில் வெளிவந்து ஜன்னல் வெளிச்சத்தில் முட்டிச் சாகும். லிக்டஸும் சினாக்ஸிலானும் தொடும். ஆனால் மூங்கில், ரப்பர் மரச் சாமான், மலிவான பிளைவுட், சாற்றுக்கட்டையோடு அறுத்த சட்டம் ஆகியவற்றைத்தான். வைரம் பாய்ந்த தேக்கு நிலைக்குக் கவலை வேண்டாம். வார்னிஷோ பெயின்ட்டோ முழுதாகப் பூசிய மரத்தில் குழாய்களின் வாய் அடைபட்டுவிடுவதால் லிக்டஸ் முட்டையிட வழியில்லை. பூசுவதற்கு முன்பே உள்ளே இருந்தது மட்டும் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கறையான் கதை வேறு. விறகோடு நாலைந்து கறையான் வீட்டுக்குள் வந்தால் அவை பெரும்பாலும் காய்ந்து சாகும். புற்றும் ராணியும் மண்ணுக்கடியில் எங்கோ இருக்கின்றன. ஆபத்து, விறகைச் சுவரோடு ஒட்டி மண்தரையில் அடுக்குவதில் இருக்கிறது. மண்ணிலிருந்து அடுக்குக்கும், அடுக்கிலிருந்து சுவருக்கும் கறையானுக்கு நாமே பாலம் கட்டிக் கொடுக்கிறோம். நம் ஊரில் புற்றெழுப்பும் கறையானும் ஒரு பூஞ்சை விவசாயிதான் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. மழைக்குப் பின் நாம் பறித்துச் சமைக்கும் புற்றுக்காளான் அதன் தோட்டத்துப் பயிர்.

மருந்து அடிக்கலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. தெளிக்கும் மருந்து மரத்தின் மேல்தோலில்தான் நிற்கும். புழு அதற்கு வெகு உள்ளே, மாவு அடைத்த சுரங்கத்தில் கிடக்கிறது. புழுவுக்குப் போய்ச் சேராத விஷம், கட்டை எரியும்போது புகையாகிச் சமைப்பவரின் நெஞ்சுக்குள் போய்ச் சேரும். மிச்சம் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெல்லுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை விறகு அறையில் வைக்கும் யோசனை சிலருக்கு வரும். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு வண்டுக்கு முன்னால் பக்கத்து அறையில் தூங்குபவரைக் கொன்றுவிடும். இதே காரணத்தால், ஏற்கெனவே மருந்து ஏற்றிய பழைய மரத்தையும் பெயின்ட் அடித்த பலகையையும் அடுப்பில் வைக்காதீர்கள். பச்சை நிறம் ஏற்றிய கம்பங்களில் ஆர்செனிக் இருக்கக்கூடும். எரித்தாலும் அது அழியாது.

வேலை செய்வது காற்றும் வெயிலும்தான். மரத்தில் நீர் நீளவாக்கில் வேகமாக நகரும், குறுக்குவாக்கில் பல மடங்கு மெதுவாக நகரும். பட்டை வழியே அனேகமாக நகராது. அதனால் குட்டையாக அறுத்து, மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, பட்டை தானாகக் கழன்றால் உரித்துப் போட்டுவிடுங்கள். அந்தப் பட்டையோடு பொன்வண்டு, நீள்கொம்பன் முட்டைகளில் பெரும்பகுதி போய்விடும். கல்லோ செங்கல்லோ வைத்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலே மட்டும் தகரமோ ஓலையோ போட்டால் போதும். பக்கங்களைத் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்துகிறவர்கள் ஈரத்தை உள்ளேயே பூட்டி, பூஞ்சைக்கும் கறையானுக்கும் உபகாரம் செய்கிறார்கள். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் விறகை ஏற்றி வைத்ததற்குப் பக்கத்தில் நிற்க எந்த நவீன முறையும் கிடையாது. தினமும் இரண்டு வேளை சூடு, புகை. ஈரமும் போகும், வண்டும் அண்டாது.

காய்ந்துவிட்டதா என்பதைக் கட்டையே சொல்லும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டு கட்டைகளை மோதினால் மந்தமான ஒலிக்குப் பதில் கணீரென்று கேட்கும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரே கட்டையில் அடையாளம் போட்டு வாராவாரம் எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றால் கட்டை காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது.

உளு ஏற்கெனவே கொட்டுகிற கட்டையை என்ன செய்வது? தனியே ஒதுக்கி, முதலில் அதை எரியுங்கள். உளுத்த கட்டை சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும், தணல் நிற்காது. தோசைக்கல்லுக்கு ஆகும், கல்யாணச் சாம்பாருக்கு ஆகாது. அந்த அடுக்கில் சிவப்பும் கறுப்புமான சுறுசுறுப்பான சிறு வண்டுகள் ஓடித் திரிந்தால் நசுக்காதீர்கள். துளைக்குள் புகுந்து துளைப்பானையும் அதன் புழுவையும் தின்னும் வேட்டைக்காரர்கள் அவர்கள்.

வண்டைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியவர்கள் விறகு அடுக்கில் வேறு இருக்கிறார்கள்: தேள், பூரான், இரவில் கட்டுவிரியன். வண்டையும் எலியையும் பல்லியையும் தேடி வருகிறவர்கள் இவர்கள். விறகை எடுக்கும் முன் கோலால் தட்டிப் புரட்டுங்கள். இருட்டில் கை விடாதீர்கள்.

விறகோடு போகும் பயணம்

ஒரு வீட்டு விறகடுக்கின் பூச்சி அந்த வீட்டுக்கு மட்டும் தொல்லை. அதே விறகு வண்டியேறினால் கதை மாறிவிடும். 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டி, பச்சை மரகத நிறத்தில் மினுங்கும் ஒரு சிறு பொன்வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. கிழக்காசியாவிலிருந்து, சரக்குப் பெட்டிகளின் மரத்தோடு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்திறங்கியிருக்க வேண்டும். பேஸ்பால் மட்டை செய்யும் ஆஷ் மரம்தான் அதன் இரை. புழு பட்டைக்கடியில் நெளிந்து நெளிந்து தின்று, மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடும். வண்டு தானாகப் பறந்தால் வருடத்துக்குச் சில கிலோமீட்டர்தான் பரவும். ஆனால் அமெரிக்கர்கள் விடுமுறைக்குக் காட்டோரம் கூடாரமடிக்கப் போகும்போது, வீட்டில் பட்டுப்போன ஆஷ் மரத்தை வெட்டிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தீ மூட்டியது போக மிஞ்சிய கட்டைகளிலிருந்து வண்டுகள் வெளியே வந்தன. 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள், கோடிக்கணக்கான மரங்கள். நியூயார்க் மாநிலம், சூடுபடுத்தாத விறகை வெட்டிய இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்க மத்திய அரசோ, தான் போட்டிருந்த தடையை 2021 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. வண்டு ஒழிந்ததால் அல்ல. இனித் தடுத்துப் பயனில்லை என்பதால்.

நம்மிடமிருந்து வெளியே போன வண்டும் உண்டு. வாகைக் கட்டையில் பார்த்தோமே, அதே சினாக்ஸிலான் அனாலே, நம் பகுதிகளிலிருந்து போகும் சரக்குகளுக்கு அடியில் வைக்கும் மரச்சட்டங்களில் ஏறி, பல நாட்டுத் துறைமுகங்களில் பிடிபட்டிருக்கிறது. சில நாடுகளில் குடியும் ஏறிவிட்டது. ஏற்றுமதிப் பெட்டிகளின் மரம், அதன் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்தாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2002-ல் வந்தது இதுபோன்ற பயணிகளுக்காகத்தான். அப்படிச் சூடேற்றிய பெட்டிகளில் கோதுமைக் கதிர் முத்திரையும் ‘எச்டி’ என்ற எழுத்துகளும் சுட்டிருக்கும். அடுத்த முறை கிடங்கு வாசலில் மரப் பலகைத் தட்டுகளைப் பார்த்தால் தேடிப் பாருங்கள்.

விறகுக்கு அப்படி முத்திரை எதுவும் இல்லை. ஆகவே மலைக்குச் சுற்றுலா போகும்போது சமைக்க என்று வீட்டிலிருந்து பட்டையோடு பச்சைக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அங்கிருந்து அழகாக இருக்கிறதே என்று எடுத்தும் வராதீர்கள். விறகை எரிக்கும் ஊரிலேயே வாங்குங்கள். மிஞ்சினால், ஊர் திரும்பும் முன் அங்கேயே எரித்துத் தீர்த்துவிடுங்கள்.